3060 12 ஜிபி, 4060 8 ஜிபி: இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் அனுபவத்தைப் பகிரலாம்

திருச்சி எடிட்டர்

வணக்கம் நண்பர்களே. கல்யாண வீடியோ எடிட்டிங்தான் என் பிழைப்பு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டில் (12 ஜிபி மெமரி) பல முகூர்த்த சீசன் ஓட்டியிருக்கிறேன். தம்பி கேமுக்காக 8 ஜிபி மெமரி உள்ள 4060 வாங்கி வந்தான். இரண்டையும் என் மெஷினிலேயே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வாங்கும் யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

3060 வந்தது 2021 பிப்ரவரியில். 3584 கூடா கோர் (கணக்குப் போடும் சிறு அலகு), 192 பிட் பஸ் (மெமரிக்குப் போகும் பாதையின் அகலம்), மெமரி அலைவரிசை, அதாவது தரவு போய்வரும் வேகம், நொடிக்கு 360 ஜிபி, மின்சாரம் 170 வாட். 4060 வந்தது 2023 ஜூனில். கோர் 3072, பஸ் 128 பிட், அலைவரிசை 272 ஜிபி, 115 வாட். இதை மட்டும் படித்தால் புதியது பழையதைவிட இளைத்துப்போனது என்றே தோன்றும். ஆனால் பூஸ்ட் கிளாக், அதாவது சிப் எட்டும் வேகம், 1777 மெகாஹெர்ட்ஸில் இருந்து 2460-க்கு ஏறியிருக்கிறது. அதைவிட முக்கியம், எல்2 கேஷ், அதாவது சிப்புக்குள் இருக்கும் சிறு மெமரி, 3 எம்பி-யில் இருந்து 24 எம்பி ஆகியிருக்கிறது. கேம் அடிக்கடி கேட்கும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் குறுகிய பஸ் அவ்வளவாகத் தடுப்பதில்லை. 1080பி-இல், ஃப்ரேம் ஜெனரேஷனை (இடையிடையே படங்களைக் கார்டே உருவாக்கிச் செருகும் வசதி) தொடாமலே, பல கேம்களில் 4060 ஐந்தில் ஒரு பங்கு முன்னால் நிற்கிறது. தம்பிக்கு அது தாராளம்.

என் வேலை வேறு. மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த 4கே கிளிப். டாவின்சி ரிசால்வ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருளில் அதற்கு, படத்தில் ஊரும் புள்ளிகளை நீக்கும் டெம்பொரல் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு, மேலே இரண்டு மூன்று எஃபெக்ட் அடுக்கினால் 4060-இன் 8 ஜிபி நிறைந்து, ஜிபியு மெமரி போதவில்லை என்று ரெண்டர் நின்றுவிடுகிறது. அதே டைம்லைன் 3060-இல் நிதானமாகப் போனாலும் கடைசிவரை போகிறது. வீடியோ எப்போது கிடைக்கும் என்று பெண்வீட்டார் போன் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் எனக்கு வேண்டியது அதுதான். அதனால் பழைய கார்டையே வைத்துக்கொண்டேன்.

எடிட்டர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். கேமராவில், நிற விவரம் அதிகம் வைக்கும் 10 பிட் 4:2:2 ஹெச்.265 வடிவில் எடுக்கிறீர்களா? அந்த ஃபைலை டிகோட் செய்ய (விரித்துப் படிக்க) இந்த இரண்டு கார்டுமே உதவாது. என்விடியா அந்த வசதியைக் கொண்டுவந்தது ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான். டைம்லைன் திக்கினால் கார்டை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. 11-ஆம் தலைமுறை முதல் வந்த, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் இன்டெல் பிராசஸர் அந்த வேலையை லேசாகச் செய்துவிடும். இது தெரியாமல் கார்டுக்கு மேல் கார்டு வாங்கும் ஸ்டுடியோக்காரர்களைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது.

கோவை மாணவி

அண்ணா, நீங்கள் சொன்ன மெமரி விஷயம் என் பக்கமும் அப்படியே. நான் கம்ப்யூட்டரிலேயே, கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ மொழி மாடல்களை ஓட்டிப் பார்க்கிறேன். ஹாஸ்டல் தோழியிடம் 4060, என்னிடம் 3060. ஒவ்வொரு எண்ணையும் நான்கு பிட்டுக்குச் சுருக்கிய, 14 பில்லியன் எண்கள் கொண்ட மாடல் கிட்டத்தட்ட 9 ஜிபி கேட்கிறது. என் கார்டில் முழுசாக உட்காருகிறது. அவள் கார்டில் ஒரு பகுதி ரேமுக்குப் போய்விடுவதால் வார்த்தைகள் சொட்டுச் சொட்டாகத்தான் வருகின்றன.

எனக்கு ஆச்சரியம் அது இல்லை. இரண்டு கார்டிலும் இடம் கொள்ளும் 7 பில்லியன் மாடலிலும் என்னுடையதுதான் சரசரவென்று எழுதியது! ஒவ்வொரு சொல் துணுக்குக்கும் மாடல் முழுவதையும் மெமரியில் இருந்து ஒருமுறை படித்தாக வேண்டும். சில ஜிபி மாடலுக்கு 24 எம்பி கேஷ் எந்த மூலைக்கு? அங்கே அலைவரிசையில் 360-க்கும் 272-க்கும் உள்ள வித்தியாசம் அப்படியே கண்ணில் தெரிகிறது.

பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் நிலைமை தலைகீழ். சீன் 8 ஜிபி-க்குள் அடங்கினால் அவள் கார்டு முதலில் முடித்துவிடுகிறது.

ராமநாதபுரம் ராஜா

எல்லோரும் மெமரியைப் பேசுகிறீர்கள், நான் கரண்டைப் பேசுகிறேன். எங்கள் ஊரில் கரண்ட் போகாத நாள் அபூர்வம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட்தான். 3060-க்கு 170, பிராசஸருக்கு 80 பக்கம், மானிட்டர், போர்டு, ஃபேன், எஸ்எம்பிஎஸ்-இல் (பவர் சப்ளை) வீணாவது எல்லாம் கூட்டினால் விளிம்பில் நிற்கும். கேம் நடுவே கரண்ட் போனால் யுபிஎஸ் கத்திவிட்டு மெஷினையும் சேர்த்து அணைத்துவிடும். 4060 போட்ட பிறகு அந்தத் தொல்லை போனது. 55 வாட் குறைவது என் மாதிரி ஊர்க்காரனுக்குப் பெரிய விஷயம். சித்திரை வெயிலில் அறைச் சூடும் குறைகிறது.

யூடியூபில் லைவ் போடுபவர்களுக்கு இன்னொன்று. 4060-இல், ஏவி1 என்ற வகையில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் இருக்கிறது. 3060-ஆல் ஏவி1 வீடியோவைப் பார்க்க முடியும், உருவாக்க முடியாது. ஏவி1-இல் அனுப்பினால் குறைந்த இணைய வேகத்திலும் படம் கட்டம் கட்டமாகச் சிதறாமல் போகிறது.

பழைய போர்டுக்காரர்

ராஜா சார் சொல்வது சரி. ஆனால் பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். 4060 போர்டுடன் பேசுவது 8 லேனில் (தரவுப் பாதையில்), 3060 பேசுவது 16 லேனில். என்னுடையது பி450 போர்டு, கார்டைச் செருகும் பிசிஐஇ இணைப்பு பழைய 3-ஆம் பதிப்பு மட்டும்தான். அதில் 4060-க்குக் கிடைக்கும் பாதை நொடிக்கு சுமார் 8 ஜிபி. விரேம் (கார்டில் உள்ள மெமரி) நிறையாதவரை ஒன்றும் தெரியாது. டெக்ஸ்சரை அல்ட்ராவில் வைத்து 8 ஜிபி தாண்டியதும் தரவு அந்தக் குறுகலான பாதையில் போய் வரவேண்டியிருக்கிறது. சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) நன்றாகவே காட்டும். ஆனால் திரும்பும்போதெல்லாம் படம் ஒரு கணம் உறைந்து நகரும். சராசரியை மட்டும் போட்டுக்காட்டும் ஒப்பீடுகளில் இது தெரியாது. ஒரு சதவீத லோ என்று, மிக மெதுவான ஒரு சதவீதப் படங்களின் வேகத்தைக் காட்டும் ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள்.

ஃப்ரேம் ஜெனரேஷனும் விரேமில் தனியாக ஒரு பங்கு கேட்கும். 60 எஃப்பிஎஸ்-ஐ ஒட்டி ஓடும் கேமை வழுவழுப்பாக்க அது அருமை. 30-இல் திணறும் கேமில் போட்டால் எஃப்பிஎஸ் கூடும், மவுஸ் கனமாகவே இருக்கும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் 4060 என் போர்டிலும் நன்றாகவே ஓடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கோவை மாணவி

என் ஜூனியர் ஒருத்தி செகண்ட் ஹேண்டில் 3060 தேடுகிறாள். என்ன பார்க்கச் சொல்லட்டும்?

திருச்சி எடிட்டர்

தங்கச்சி, முதலில் 12 ஜிபிதானா என்று கேட்கச் சொல்லும்மா. 2022 கடைசியில் அதே 3060 பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்றும் வந்தது. கோர் அதே 3584, ஆனால் பஸ் 128 பிட், அலைவரிசை 240 ஜிபி. நாம் இங்கே புகழ்ந்ததெல்லாம் அதற்குப் பொருந்தாது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு ஒரு கடையில் அதைத்தான் 3060 என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள்.

2021, 2022-இல் வாங்கிய கார்டு என்றால் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங்கில் ராப்பகலாக ஓடியதாக இருக்கலாம். அது 2022 செப்டம்பரில் நின்றதும் அப்படிப்பட்ட கார்டுகள் நிறைய வெளியே வந்தன. பயந்து ஒதுக்க வேண்டாம். ஃபேன் உரசுகிறதா என்று கேட்கட்டும், விற்பவர் வீட்டிலேயே ஏதாவது கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கட்டும். கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து பஸ் அகலம் 192 பிட் என்று காட்டுகிறதா பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுக்கட்டும்.