22 வயசுல நான் கத்துன கோஷத்த 45ல நானே உடைச்சிட்டேனா?

பழையகொடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும்தான் செய்றேன், எழுதறது இதான் முதல் தடவ, நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

காலேஜ்ல நான் மாணவர் சங்கத்துல இருந்தேன். போஸ்டர் ஒட்டறதுலேர்ந்து வாசல்ல உக்காந்து மறியல் பண்றது வரைக்கும் எல்லாம் பாத்தாச்சு. அப்ப எங்களுக்கு மேல ஒரு தோழர், தொழிற்சங்கத்துல பழம் தின்னு கொட்டை போட்டவரு, ஒரு பேச்சுவார்த்தைக்கு போய் பாதி கோரிக்கைக்கு ஒத்துக்கிட்டு வந்தாரு. வெளிய வந்ததும் முதல்ல கத்துனது நான்தான், "வித்துட்டீங்களே தோழர்"னு. அவர் ஒண்ணுமே சொல்லல, கண்ணாடிய கழட்டி துடைச்சிட்டு போயிட்டாரு.

இப்ப எனக்கு 45. வேலை பாக்குற இடத்துல சங்க கமிட்டில இருக்கேன். 60 கான்ட்ராக்ட் ஆளுங்கள நிரந்தரமாக்கணும்னு ஒன்றரை வருஷமா பேசிப் பேசி தொண்டை வத்திப்போய், கடைசில நிர்வாகம் 32 பேருக்கு சரின்னுச்சு, நானும் கையெழுத்து போட்டுட்டேன். வேற வழி இருந்துச்சான்னு கேட்டா எனக்கு தோணல, வேலைநிறுத்தம் போனா அந்த 32ம் போயிருக்கும். அன்னிக்கு சாயங்காலமே 24 வயசு பொண்ணு ஒண்ணு, எங்க சங்கத்துலயே துடிப்பான ஆளு, எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு "60 பேரும் ஒண்ணுன்னு சொல்லித்தானே எங்கள கூப்டீங்க, மீதி 28 பேர் யார்னு நீங்களே போய் சொல்லுங்க"ன்னுச்சு. என்கிட்ட பதில் இல்லாம இல்ல. ஆனா வாயத் தொறக்கும்போதுதான் புரிஞ்சுது, அந்த தோழர் அன்னிக்கு சொல்லாம விட்டது இதத்தான்னு.

வயசானா எல்லாரும் இப்படித்தான் ஆயிடுவாங்களா? இல்ல நாற்காலில உக்காந்தா ஆயிடுமா? சமாதானம் சொல்ல வேணாம், மனசுல பட்டத சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:

வயசு மேல பழி போடாதீங்க சார். "20 வயசுல இடதுசாரியா இல்லன்னா இதயம் இல்ல, 40லயும் அப்படியே இருந்தா மூளை இல்ல"ன்னு சர்ச்சில் சொன்னதா ஒண்ணு சுத்திட்டே இருக்கும், அவர் சொன்னதுக்கு ஆதாரமே கிடையாது. சொல்லப்போனா அவர் கதையே தலைகீழ். 25 வயசுல கன்சர்வேடிவ் எம்பி, 29ல லிபரல் கட்சிக்கு தாவுனாரு, நாற்பது தாண்டினப்புறம்தான் திரும்பி வந்தாரு.

இதுல உருப்படியான ஆராய்ச்சி இருக்கு. 1930கள்ல அமெரிக்காவுல பென்னிங்டன்னு ஒரு பெண்கள் கல்லூரி, பணக்கார பழமைவாத குடும்பத்து பொண்ணுங்க அங்க போய் படிக்கும்போது முற்போக்கா மாறுனாங்க. தியடோர் நியூகோம்ப்ங்கிறவர் அவங்கள விடாம தொடர்ந்து, 25 வருஷம் கழிச்சும் போய் கேட்டாரு. பெரும்பாலானவங்க மாறவே இல்ல. மாறாததுக்கு முக்கிய காரணம், அவங்க கட்டிக்கிட்ட ஆளும் சேத்துக்கிட்ட நட்பும் அதே பக்கம் இருந்தது.

இன்னொண்ணு 1964 மிசிசிப்பி. கறுப்பின மக்கள வாக்காளரா பதிய வைக்க வடக்கேர்ந்து மாணவர்கள் போனாங்க இல்ல, அதுல போனவங்களையும், செலக்ட் ஆகியும் கடைசி நேரத்துல போகாம நின்னவங்களையும் டக் மெக்ஆடம்னு ஒரு சமூகவியலாளர் 20 வருஷம் கழிச்சு தேடிப்பிடிச்சு ஒப்பிட்டாரு. போனவங்கதான் அப்பவும் போராட்டங்கள்ல அதிகமா இருந்தாங்க. அதனால கொள்கை தானா கரையுதுங்கறத நான் நம்பல. கரையறது யாருக்குன்னா கூட்டம் கலைஞ்சு தனியா நிக்கறவங்களுக்கு. நீங்க இன்னும் சங்கத்துலதானே இருக்கீங்க.

தீப்பெட்டி:

எனக்கு 26, நான் அந்த பொண்ணு பக்கம். அங்கிள் கோச்சுக்காதீங்க, "வேற வழி இல்ல"ங்கறது உள்ள போறவங்க எல்லாரும் சொல்றதுதான். பிரிட்டன்ல நிக் கிளெக் கட்சி 2010 தேர்தலுக்கு முன்னாடி பல்கலைக்கழக கட்டணத்த ஏத்தறத எதிர்த்து ஓட்டு போடுவோம்னு மாணவர்கள் முன்னாடி கையெழுத்து போட்டு போட்டோ எல்லாம் எடுத்துக்கிட்டாங்க. மே மாசம் கூட்டணி ஆட்சி, கிளெக் துணைப் பிரதமர். டிசம்பர்லயே கட்டண உச்சவரம்ப 9,000 பவுண்டுக்கு ஏத்துனாங்க, முன்ன 3,290. அவங்க கட்சில 21 எம்பி மட்டும்தான் எதிர்த்து ஓட்டு போட்டாங்க. 2012ல மன்னிப்பு கேட்டாரு, எதுக்குன்னு நெனைக்கிறீங்க? கட்டணத்த ஏத்துனதுக்கு இல்ல, வாக்கு குடுத்ததுக்கு!! அதாவது தப்பு எங்க நம்பிக்கைலதானாம். 2015ல 57 சீட்டு 8 ஆச்சு.

சமரசத்துக்கு எனக்கு கோவம் இல்ல, அத முதிர்ச்சின்னு பேர் வெச்சு, கேக்கறவன சின்னப்பையன்னு ஒதுக்கறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வரும்.

ஈசிசேர்:

தீப்பெட்டி தம்பி சொன்ன கிளெக் விஷயம் சரி, ஆனா எல்லா சமரசத்தையும் ஒரே மூட்டைல கட்டாதீங்க. ஜெர்மனி பசுமைக் கட்சிய எடுத்துக்கோங்க. யோஷ்கா ஃபிஷர் 70கள்ல ஃபிராங்க்ஃபர்ட் தெருவுல போலீஸோட கைகலந்த ஆளு, 1985ல ஒரு மாநில அமைச்சரா பதவி ஏத்துக்கும்போது ஸ்போர்ட்ஸ் ஷூவோட வந்தவரு, 1998ல வெளியுறவு அமைச்சர். போரே கூடாதுன்னு வளந்த கட்சி, அடுத்த வருஷமே இவர் கொசோவோ போருக்கு ஆதரவு. கட்சி மாநாட்டுல எதிர்ப்பாளர் ஒருத்தர் சாயப்பைய வீசி செவிப்பறை கிழிஞ்சுது, அப்படியே மேடையேறி பேசுனாரு. அது சரியா தப்பான்னு எனக்கு இன்னிக்கும் முடிவு இல்ல (என் வீட்லயே இது ஒரு பழைய சண்டை, விடுங்க).

நான் சொல்ல வந்தது அணு உலை. உடனே மூடுன்னு கத்தி வளந்த கட்சி, 2000ல மின் கம்பெனிகளோட உக்காந்து, ஒரு உலைக்கு சராசரியா 32 வருஷ ஆயுள்னு ஒத்துக்கிச்சு. துரோகம்னாங்க. அணுக்கழிவு ரயில மறிச்சு பழைய தோழர்கள் தண்டவாளத்துல உக்காந்தாங்க, எதிர்ல சுற்றுச்சூழல் அமைச்சர் அவங்க கட்சி ஆளு. 2010ல பின்னாடி வந்த ஒரு அரசு ஆயுள நீட்டிச்சுது, 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் அதே அரசு பின்வாங்குச்சு, கடைசி மூணு உலை 2023 ஏப்ரல்ல நின்னுச்சு. உலைய மூடுனது நல்லதான்னு தனியா சண்ட போடலாம். ஆனா அந்த ஒப்பந்தத்துல பாக்கிக்கு ஒரு கணக்கு எழுதி இருந்துச்சு, அத காட்டி பின்னாடி வந்தவன் கேக்க முடிஞ்சுது.

அதனால பழையகொடி, உங்க வயசு எனக்கு முக்கியம் இல்ல. அந்த 28 பேர் பத்தி நீங்க கையெழுத்து போட்ட பேப்பர்ல என்ன எழுதி இருக்கு? தேதி இருக்கா?

பழையகொடி:

இத யாராவது கேப்பாங்கன்னு பயந்துட்டுதான் இருந்தேன். இப்ப எடுத்து பாத்தேன். "மீதமுள்ளோர் குறித்து பின்னர் பரிசீலிக்கப்படும்". அவ்ளோதான். தேதி இல்ல. அன்னிக்கு ராத்திரி 11 மணி, 32ங்கற நம்பர் எழுத்துல வந்துடுச்சேங்கற சந்தோஷத்துல அந்த வரிய நான் வாசிச்சேன் ஆனா படிக்கல. 22 வயசு நானா இருந்தா அந்த "பின்னர்"லதான் முதல்ல கைய வெச்சிருப்பேன்.

தீப்பெட்டி:

அங்கிள் அத இங்க எழுதுனீங்களே, பாதி கோவம் போயிடுச்சு. மீதி அந்த பொண்ணுகிட்ட. அந்த வரிய அடுத்த மீட்டிங்ல நீங்களே சத்தமா படிங்க, மத்தவங்க கண்டுபிடிச்சு படிக்கறதுக்கு முன்னாடி.

ஈசிசேர்:

படிச்சிட்டு, தேதி கேட்டு அடுத்த கடிதத்த அந்த பொண்ண எழுத சொல்லுங்க. உங்கள விட காரமா எழுதும். கையெழுத்து ரெண்டு பேரும் போடுங்க.

பழையகொடி:

வியாழக்கிழமை கமிட்டி கூடுது. அவ வருவாளான்னு தெரியல, மெசேஜ் போட்டிருக்கேன், பாத்துட்டா, பதில் இல்ல. என்ன ஆச்சுன்னு வந்து எழுதறேன்.