பாலுணர்வில் சமூகத்தின் கை எதுவரை நீளும்?

கயல்: மானிடவியல் அறிமுக நூல் ஒன்றைப் படித்து வருகிறேன். பாலுணர்வு முழுக்கச் சமூகம் கட்டியெழுப்பிய ஒன்று என்று அதில் வருகிறது. எது ஒழுக்கம், எது குற்றம் என்று சமூகம் வகுக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யாரிடம் மனம் ஈர்க்கப்படுகிறது, எது இன்பமாகத் தோன்றுகிறது என்பதையும் அதுவே முடிவு செய்கிறதா? எடுத்துக்காட்டுகளோடு யாரேனும் விளக்க முடியுமா?

மாறன்: பசி உடலுக்கு உரியது, எதைக் கண்டால் நாவூறும், எதைக் கண்டால் குமட்டும் என்பது பெரும்பாலும் வளர்ப்பில் வருவது. பாலுணர்விலும் அப்படித்தான். உதட்டில் முத்தமிடுவது மனித இயல்பு என்றே பலரும் நம்புகிறார்கள். ஆனால் 2015-இல் வெளியான ஓர் ஆய்வு 168 பண்பாடுகளை ஒப்பிட்டபோது, காதலர்களிடையே அந்த வழக்கம் 77 பண்பாடுகளில், அதாவது 46 விழுக்காட்டில் மட்டுமே காணப்பட்டது.

இதைவிட ஆழமானது பெயரிடுதல். தன்பால் விருப்பம் கொண்டவரைக் குறிக்கும் 'ஹோமோசெக்ஷுவல்' என்ற சொல், எழுத்தாளர் கார்ல் மரியா கெர்ட்பெனி 1869-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட துண்டறிக்கைகளில்தான் முதன்முதலாக அச்சேறியது. தன்பால் உறவு அன்று தொடங்கியது என்று இதற்குப் பொருளில்லை. அதுவரை ஐரோப்பியச் சட்டமும் திருச்சபையும் பெரும்பாலும் செயலையே தண்டித்தன. அதன்பின் அச்செயலுக்குப் பின்னால் ஒரு தனி மனித வகையையே மருத்துவர்கள் தேடத் தொடங்கினார்கள். பண்டைய ரோமிலோ, சுதந்திரமான ஆண் ஒருவனின் மதிப்பை முடிவு செய்தது துணை ஆணா பெண்ணா என்பது அல்ல. உறவில் அவன் ஆளும் நிலையில் இருந்தானா, ஆட்படும் நிலையில் இருந்தானா என்பதே.

இளவேனில்: மாறன் சொன்ன வரலாறு சரி. ஆனால் அது பெயர்களின் வரலாறு, விருப்பத்தின் வரலாறு அன்று. சமூகத்துக்கு விருப்பத்தையே வடிக்கும் வலிமை இருந்திருந்தால், நூற்றாண்டுகளாகத் தூக்குக்கும் சிறைக்கும் அனுப்பப்பட்ட தன்பால் விருப்பம் எப்போதோ அற்றுப்போயிருக்க வேண்டாமா? 2019-இல் ஏறத்தாழ 4.7 லட்சம் பேரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்தவர்கள், தன்பால் உறவைத் தீர்மானிக்கும் ஒற்றை மரபணு இல்லை என்றார்கள். உடனே எல்லாம் வளர்ப்புதான் என்று பலர் எழுதினார்கள். ஆய்வு சொன்னதோ, சிறு சிறு தாக்கமுள்ள பல மரபணுக்கள் பங்கேற்கின்றன, அவற்றைக் கொண்டு ஒரு தனிமனிதரைக் கணிக்க முடியாது என்பது. கயல் படிக்கும் நூலில் 'முழுக்க' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது.

சுடர்: தரவுகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பசிபிக் தீவான சமோவாவின் இளம்பெண்கள் தடையற்ற காதல் வாழ்வு வாழ்வதாக மானிடவியலாளர் மார்கரெட் மீட் 1928-இல் எழுதினார். அது தவறு என்று இன்னொரு மானிடவியலாளர் டெரெக் ஃப்ரீமன் 1983-இல் வாதிட்டார். ஃப்ரீமன் மிகைப்படுத்தினார் என்று பின்னால் வேறு சிலர் மறுத்தார்கள். தம் அந்தரங்கத்தைப் பற்றி எதைச் சொல்லலாம் என்பதையும் சமூகமே கற்றுத்தருவதால், இத்துறையில் எந்தப் பதிலையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

கயல்: நன்றி. சமூகம் கட்டளையிட்டும் விருப்பம் பணியாத நிகழ்வு எங்கேனும் முறையாகப் பதிவாகியிருக்கிறதா?

மாறன்: இருக்கிறது, அது என் வாதத்துக்கே எதிரானது. தைவானில் சில குடும்பங்கள் பெண்குழந்தையைச் சிறு வயதிலேயே தத்தெடுத்து, தங்கள் மகனோடு ஒன்றாக வளர்த்து, பின்னர் அவர்களுக்கே மணம் முடித்து வைத்தன. அத்திருமணங்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மானிடவியலாளர் ஆர்தர் வுல்ஃப், வளர்ந்தபின் சந்தித்து மணந்தவர்களைவிட இவர்களுக்குக் குழந்தைகள் குறைவு, மணமுறிவு அதிகம் என்று கண்டார். குழந்தைப் பருவத்தில் ஒன்றாக வளர்ந்தவர்களிடம் ஈர்ப்பு மழுங்குகிறது என்ற, அறிஞர் எட்வர்ட் வெஸ்டர்மார்க்கின் கருத்துக்கு இது வலுவான சான்று. ஆனாலும் இளவேனில் இதை முழு வெற்றியாகக் கொள்ள முடியாது: வெறுப்பு உடல் தந்ததாக இருக்கலாம், யார்மீது அது படிய வேண்டும் என்பதை முடிவு செய்தது அந்தத் தத்தெடுப்பு வழக்கம்தான்.