போஜொலே ஒயினை எப்படிச் சுவைப்பது, எந்த உணவுடன் பரிமாறுவது?

மாடித்தோட்டம் (கேள்வி):

பாரிஸில் வசிக்கும் நான் இதுவரை போர்தோ வட்டாரத்துச் சிவப்பு ஒயின்களையே அருந்திப் பழகியவன். அண்மையில் கடைக்காரர் ஒருவரின் பரிந்துரையின் பேரில் போஜொலே வட்டாரத்து ஃப்ளூரி ஒயின் ஒரு புட்டி வாங்கினேன். கோப்பையின் மறுபுறம் தெரியுமளவுக்கு நிறம் மெலிதாக இருந்தது; துவர்ப்பு அநேகமாக இல்லை; புளிப்பும் பழச்சுவையுமே முன்னின்றன. பிடித்திருந்தது, ஆனால் இத்தகைய ஒயினின் தரத்தை எதைக் கொண்டு மதிப்பிடுவது என்று தெரியவில்லை. மேலும், ஞாயிறு விருந்துக்கு வருபவர்களில் இறைச்சி உண்பவர், மீன் மட்டும் உண்பவர், இரண்டும் உண்ணாதவர் என மூவகையினரும் உள்ளனர். எல்லோருக்கும் இந்த ஒரே ஒயினைப் பரிமாறலாமா?

லியோன்வாசி:

துவர்ப்புக் குறைவு இந்த ஒயினின் குறையன்று. அதை விரும்பித்தான் பலர் இதை வாங்குகிறார்கள். லியோன் நகருக்கு வடக்கே உள்ள போஜொலேயில் விளையும் கமே திராட்சைக்குத் தோல் மெல்லியது, புளிப்பு மிகுதி. பர்கண்டியை ஆண்ட பிலிப் கோமகன் 1395இல் இக்கொடியைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து பிடுங்கி எறியுமாறு ஆணையிட்டார். அவருடைய ஆட்சிக்கு வெளியே இருந்த போஜொலேயில் அது நிலைத்துவிட்டது.

செய்முறையும் இதற்கு ஒரு காரணம். கையால் பறித்த குலைகளை நசுக்காமல் முழுதாகவே தொட்டியில் இடுகிறார்கள். மேலுள்ளவற்றின் எடையால் அடிப்பழங்கள் நசுங்கி, அவற்றின் சாறு நொதிக்கும்போது எழும் கரியமில வாயு தொட்டியை நிறைக்க, மேலே உள்ள பழங்கள் தோல் கிழியாமலேயே உள்ளுக்குள் நொதிக்கத் தொடங்குகின்றன. இதனால் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்பு சாற்றில் குறைவாகவே இறங்குகிறது, பழமணம் மேலோங்குகிறது.

ஆகவே முதலில் மணத்தைக் கவனியுங்கள். செர்ரி, ராஸ்பெரி மணங்களோடு, நல்ல ஃப்ளூரியில் பூமணமும் சேர்ந்து வரும். வாழைப்பழமும் மிட்டாயும் மட்டுமே மணத்தால், அது அவசரமாகத் தயாரிக்கப்பட்டது என்று கொள்ளலாம். அடுத்தது புளிப்பு: விழுங்கியதும் நாவின் இருபுறமும் எச்சில் ஊற வேண்டுமே தவிர, பல் கூசக் கூடாது. புளிப்பு அடங்கிய பிறகும் பழச்சுவை தங்குகிறதா என்பதையே நான் கடைசிச் சோதனையாகக் கருதுகிறேன். பழம் முன்னதாக மறைந்து புளிப்பு மட்டும் எஞ்சினால் அது சாதாரண ஒயின்தான்.

வெப்பநிலையை மறவாதீர்கள். 12 முதல் 14 டிகிரி வரை குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் மதுவின் காரமே மூக்கில் ஏறும். மிகையாகக் குளிர்ந்தால் மணம் அடங்கிப்போகும். அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் குளிர்பெட்டியில் வைத்தால் போதும்.

அடுப்படி:

விருந்துக்கு இந்த ஒரே ஒயின் போதும். லியோனின் பூஷோன் எனப்படும் சிற்றுணவகங்களில் 46 சென்டிலிட்டர் கொள்ளும், அடி கனத்த புட்டியில் போஜொலே வருவதும், அதனுடன் கொழுப்பு மிகுந்த பன்றித் தொத்திறைச்சியும் அவித்த உருளைக்கிழங்கும் வருவதும் வழக்கம். கொழுப்பு நாவில் படியும்போது ஒயினின் புளிப்பு அதை அறுத்து, அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்குகிறது. வீட்டில் இதையே வறுத்த கோழியைக் கொண்டு எளிதாகச் செய்யலாம்.

இறைச்சி உண்ணாதவர்களுக்கு, பிரான்ஸின் லெ புய் பகுதியில் விளையும் பச்சை நிற லென்டில் பருப்பு சாலட்டோ வெண்ணெயில் வதக்கிய காளானோ பொருந்தும். பூண்டும் பசுந்தழையும் கலந்து கடைந்த லியோன் நகரத்துப் புதுப் பாலாடைக்கட்டியை அவித்த உருளைக்கிழங்குடன் வைத்தால், இறைச்சி உண்பவர்களும் அதன் பக்கமே கை நீட்டுவார்கள்.

மீனில்தான் எச்சரிக்கை வேண்டும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்பு மீனின் கொழுப்போடு சேரும்போது கவிச்சி எழுகிறது. ஆகவே மத்தி, கானாங்கெளுத்தி போன்றவற்றைத் தவிர்த்துவிட்டு, வாட்டிய சால்மன் துண்டைப் பரிமாறுங்கள்.

கருங்கல்:

மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் போஜொலே முழுவதையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க இயலாது. நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை வெளியாகும் நூவோ எனப்படும் புது ஒயின், அறுவடைக்குப் பின் சில வாரங்களிலேயே அருந்த வேண்டியது. தனிப் பெயர் பெற்ற பத்து ஊர்வட்டாரங்களின் ஒயின்களோ வேறு தரத்தவை. அவற்றுள்ளும் ஃப்ளூரி மென்மையானது. மோர்கோனும் மூலாவானும் சில ஆண்டுகள் முதிர விட்டால் பர்கண்டி ஒயினை நினைவூட்டும் அளவுக்கு ஆழம் பெறுபவை. பின்னவற்றுக்குச் சுண்ட வேகவைத்த மாட்டிறைச்சியே தகும். பருப்பு சாலட்டோடு வைத்தால் உணவு தோற்றுவிடும்.

மாடித்தோட்டம்:

மிக்க நன்றி. ஃப்ளூரியும் கோழியும் என்று முடிவு செய்துவிட்டேன். கோழியில் மிளகாய்த் தூள் தடவலாமா?

அடுப்படி:

சிறிதளவு தடவலாம். துவர்ப்பு மிகுந்த போர்தோவைவிட ஃப்ளூரி மிளகாயோடு நன்றாகவே ஒத்துப்போகும். ஆயினும் மது மிளகாயின் எரிச்சலைக் கூட்டும் தன்மையுடையது; எனவே காரத்தைக் குறைத்து, சீரகமும் மல்லியும் தூக்கலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.