எம்ஏஎஸ்ஸை ஏத்துறதுக்கு முன்னாடி: எக்ஸ்ரே அறை அனுபவங்கள் (எக்ஸ்ரே எடுப்பவர்கள் புனைபெயரில் எழுதிய உரையாடல்)

இருட்டறை:
திரையில் படம் பளிச்சென்று வந்துவிட்டால் எக்ஸ்போஷர் (படத்துக்குக் கொடுக்கும் கதிரளவு) சரி என்று நினைப்பது ஃபிலிம் காலத்துப் பழக்கம். அப்போது கூடினால் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். இப்போது வெளிச்சத்தை மென்பொருளே சமன் செய்துவிடுகிறது. ஆகவே முதலில் டிஐ எண்ணைப் பாருங்கள், கதிர் இலக்கிலிருந்து எவ்வளவு விலகியது என்று அது சொல்லும். கிடைத்த இஐயை (டிடெக்டருக்கு, அதாவது படம் பிடிக்கும் தட்டுக்கு, வந்த கதிரைக் காட்டும் எண்) இலக்கு இஐயால் வகுத்து, லாக் எடுத்து, 10-ஆல் பெருக்கினால் டிஐ. பூஜ்யம் என்றால் இலக்கில் இருக்கிறோம். +3 என்றால் டிடெக்டருக்கு இரண்டு மடங்கு போயிருக்கிறது, −3 என்றால் பாதிதான்.

அடுத்து, மார்புப் படத்தில் இதயத்துக்குப் பின்னால் பெரிதாக்கிப் பாருங்கள். மணல் தூவியதுபோல் இருந்தால் ஃபோட்டான் போதவில்லை. கூடிப்போனால் இந்த மணல் இருக்காது, படம் வழுவழுவென்று அழகாக வரும். டாக்டரும் புகார் சொல்ல மாட்டார். எம்ஏஎஸ் (கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மின்னோட்டம் × நேரம்) சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போவது இப்படித்தான். ரொம்பவே மிஞ்சினால்தான் நுரையீரல் ஓரமும் தோல் விளிம்பும் முழுக் கறுப்பாகும். பிறகு விண்டோவை (திரையில் வெளிச்சத்தை மாற்றும் அமைப்பு) எவ்வளவு திருகினாலும் அது திரும்பாது.

பக்கி டிரே:
டிஐயையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. இடுப்பில் உலோக மூட்டு, தப்பான எக்ஸாம் தேர்வு, கொலிமேஷன் (கதிர் விழும் பரப்பைக் குறுக்குவது) ஓரத்தை மென்பொருள் கண்டுபிடிக்காமல் விடுவது, இதில் எது நடந்தாலும் எண் பொய் சொல்லும்.

லம்பார் லேட்டரலில் (கீழ்முதுகைப் பக்கவாட்டில் எடுக்கும் படம்) அடிக்கடி நடப்பது இது. ஏஇசி (போதிய கதிர் வந்ததும் தானே நிறுத்தும் அமைப்பு), நடு சேம்பர் (அதன் உணரி), 90 கேவி (கதிரின் ஊடுருவும் சக்தியைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்). படம் வருகிறது, டிஐ −4. அதாவது இலக்கில் 40 விழுக்காடுதான் போயிருக்கிறது. எல்3 (இடுப்புப் பகுதியின் மூன்றாவது முள்ளெலும்பு) ஒரே பொரிபொரி. உடனே டென்சிட்டியை (ஏஇசி வெட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2 வைத்து இன்னொன்று எடுக்கிறார்கள். சிக்கல் டென்சிட்டியில் இல்லை. பீம் (கதிர்க்கற்றை) பின்னால் நகர்ந்திருக்கிறது, சேம்பரில் பாதி முதுகுக்கு வெளியே காற்றைப் பார்க்கிறது. போதுமான அளவு வந்துவிட்டது என்று அது சீக்கிரமே வெட்டிவிடும். எல்3 ஸ்பைனஸ் பிராசஸிலிருந்து (முள்ளெலும்பின் பின்புற முனை) சுமார் 7.5 செ.மீ. முன்னால் சென்டர் செய்யுங்கள். முதுகுக்குப் பின்னால் மேசைமேல் ஈய ரப்பர் ஒன்றைப் போடுங்கள், அங்கிருந்து வரும் ஸ்கேட்டர் (சிதறிய கதிர்) சேம்பரை ஏமாற்றாது. +2 வைத்தவர் அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தால், அடுத்து வருகிற நோயாளி தலையில் விடியும்.

உலோக இடுப்பில் இதுவே தலைகீழ். சேம்பருக்கு நேரே உலோகம் இருந்தால் ஏஇசி நிறுத்தாமல் பேக்கப் டைமர் (அதிகபட்ச நேர வரம்பு) வரை ஓடும். மறுபக்க சேம்பருக்கு மாறுங்கள், இல்லையென்றால் மேனுவல்.

புது ஷிஃப்ட்:
மேனுவலில் படம் பத்தவில்லை என்றால் கேவியைக் கூட்டணுமா, எம்ஏஎஸ்ஸைக் கூட்டணுமாண்ணே?

இருட்டறை:
தடித்த பகுதிக்குள் எலும்பின் விளிம்பு தெரிந்து, ஆனால் மணலாக இருந்தால் எம்ஏஎஸ். விளிம்பே தெரியாமல் ஒரே வெள்ளையாக இருந்தால் ஊடுருவல் இல்லை, கேவி. 15 விழுக்காடு கேவி கூட்டினால் எம்ஏஎஸ்ஸை இரட்டிப்பாக்கியதற்குச் சமம்: 80 என்றால் 92. நோயாளி அசைகிறார் என்றால் அதே கணக்கில் கேவியை ஏற்றி எம்ஏஎஸ்ஸைப் பாதியாக்குங்கள், நேரம் குறையும். படம் பத்தவில்லை என்று இரண்டையும் ஒரே தடவையில் கூட்டாதீர்கள், எது வேலை செய்தது என்று பிறகு தெரியாது.

டியூபுக்கும் டிடெக்டருக்கும் உள்ள தூரம் மாறினால் வர்க்கக் கணக்கு. 100 செ.மீ.யிலிருந்து 130-க்குப் போனால் எம்ஏஎஸ் 1.7 மடங்கு. ஈர மாவுக்கட்டுக்கு ஏறக்குறைய இரட்டிப்பு. காய்ந்ததற்கு 5 முதல் 7 கேவி கூட்டினால் போதும். ஃபைபர்கிளாஸுக்கு பெரும்பாலும் ஒன்றும் வேண்டாம். ‘கட்டு’ என்று கேட்டவுடனே ஏற்றிவிடுவது வீண் டோஸ்.

வார்டு வண்டி:
போர்ட்டபிள் (வார்டுக்கே தள்ளிப்போகும் எக்ஸ்ரே) பற்றி யாரும் எழுதவில்லையே. ஏபி செஸ்ட் (கதிர் முன்னாலிருந்து பின்னால் போகும் மார்புப் படம்), கிரிட்டோடு (சிதறிய கதிரைத் தடுக்கும் ஈயப் பட்டைத் தட்டு) 100 கேவி. இடது பக்கம் முழுக்க வெளுப்பு. நீர் கோத்திருக்கிறதா, கிரிட் கட்-ஆஃபா (கிரிட் நல்ல கதிரையும் தடுப்பது)? அக்குளையும் தோள் சதையையும் பாருங்கள். நெஞ்சுக்கூட்டுக்கு வெளியே இருக்கும் சதையும் அந்தப் பக்கம் சேர்ந்து வெளுத்திருந்தால், காரணம் பெரும்பாலும் நுரையீரல் இல்லை. காற்று மெத்தையில் உடம்பின் எடை ஒரு பக்கம் இறங்கும், டிடெக்டரும் அந்தப் பக்கம் சாயும். பீம் கிரிட் பட்டைகளுக்குக் குறுக்கே சரிவாக விழுந்தால் அவை நல்ல கதிரையும் தின்றுவிடும். எம்ஏஎஸ் ஏற்றி இது தீராது. வெளுத்த பக்கம் கொஞ்சம் தேறும், மறுபக்கம் கருகும்.

செய்ய வேண்டியது: தலைப்பக்கத்தை நிமிர்த்துங்கள், தாழ்ந்த பக்கம் மடித்த துண்டு ஒன்றைச் செருகுங்கள், வண்டியின் பக்கத்திலிருந்து இல்லாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்று டியூபையும் டிடெக்டரையும் ஒரே பார்வையில் பாருங்கள். சாய்வு அங்கிருந்துதான் தெரியும். வார்டுக்கு 6:1 கிரிட் (பட்டையின் உயரத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள விகிதம்) போதும், 12:1 இந்த அளவு சாய்வை மன்னிக்காது. நடுவில் ஒரு பட்டை நன்றாகவும் இரண்டு ஓரமும் வெள்ளையாகவும் இருந்தால் கிரிட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மெலிந்தவர் என்றால் கிரிட்டே வேண்டாம்: 85 கேவி, 2 எம்ஏஎஸ் பக்கம் தொடங்கலாம்.

பலதுறை மருந்தகம்:
வொர்க் பெர்மிட் மருத்துவச் சோதனைக்கு வரும் ஊழியர்களுக்கு பிஏ செஸ்ட் (கதிர் முதுகுப் பக்கத்திலிருந்து போகும் மார்புப் படம்), 180 செ.மீ., 120 கேவி, வெளி சேம்பர் இரண்டும். இங்கே எக்ஸ்போஷர் தப்புவது அபூர்வம், மூச்சுதான் தப்பும். அரை மூச்சில் எடுத்தால் அடிப்பகுதி மங்கலாகி, ஊடுருவல் குறைந்த படம்போல் இருக்கும். உடனே கேவி பக்கம் கை போகும். போகக் கூடாது. டயாஃப்ராமுக்கு (உதரவிதானம்) மேலே முன் விலா ஆறு, பின் விலா ஒன்பதோ பத்தோ எண்ணுங்கள். குறைந்தால் மூச்சுதான் காரணம். ‘டேக் எ பிரீத்’ என்றால் ஊரிலிருந்து புதிதாக வந்தவர் தோளைத்தான் தூக்குவார். “மூச்ச இழுங்க, விடுங்க. இப்ப நல்லா இழுங்க, அப்படியே புடிங்க” என்று சொல்லுங்கள். இரண்டாவது மூச்சு பெரும்பாலும் ஆழமாக வரும்.

டிபி தேடுகிற படத்தில் நுரையீரல் உச்சிதான் முக்கியம். எண்ணெய் தேய்த்துப் பின்னிய ஜடை தோளில் விழுந்தால் உச்சியில் நிழல் விழும், அதைத் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்குவார்கள். தோள்மேல் போட்டால் காரை எலும்பின்மீது விழும். தாடைக்கு மேலே தூக்கி, கொலிமேஷனுக்கு வெளியே நிறுத்தினால் கழற்ற வேண்டியதில்லை.

பக்கி டிரே:
கழுத்துத் தாயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கயிற்றை முதுகுப் பக்கம் திருப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், செப்புக் குழாய் அங்கே இருந்தாலும் படத்தில் விழும்.