நுனியொட்டா, பூணா? ரைபிள் கட்டையின் முன்நுனிக்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

மரவேலைச் சொற்பட்டியலில் ரைபிள் கட்டைப் பகுதி ஏறத்தாழ முடிந்துவிட்டது. பின்கட்டை, பிடி, முன்கட்டை (குழலைத் தாங்கும் முன்பகுதி), குழல்பள்ளம் (குழல் அமரும் நீள்பள்ளம்) ஆகிய சொற்களில் யாருக்கும் மறுப்பில்லை. மிச்சமிருப்பது 'ஃபோர்எண்ட் டிப்'. முன்கட்டையின் நுனியில் அழகுக்காகக் கருங்காலியிலோ எருமைக்கொம்பிலோ வைக்கிறார்களே, அந்தக் கறுப்புத் துண்டு. 'முன்பூண்' என்று வைக்கலாம் என்பது என் பரிந்துரை. உலக்கைப் பூண், தந்தப் பூண் என்று வழக்கில் உள்ள சொல்; நுனியில் இருப்பதையும் அழகையும் சேர்த்தே சொல்கிறது. கருத்துச் சொல்லுங்கள்.

———

> 'முன்பூண்' என்று வைக்கலாம்

ஐயா, பூண் நல்ல சொல்தான். இந்த வேலைக்குத்தான் பொருந்தவில்லை. பூண் உள்ளே குடைவாக இருக்கும், மரத்தின்மேல் ஏறி உட்காரும். பூணைக் கழற்றினாலும் உலக்கை முழு நீளத்தில் அப்படியே நிற்கும். இங்கே முன்கட்டையின் நுனியை அறுத்தே எடுத்துவிடுகிறோம். அந்த இடத்தில் கெட்டியான ஒரு துண்டை முகத்தோடு முகம் வைத்து ஒட்டி, இரண்டையும் ஒரே மரமாக எண்ணி இழைக்கிறோம். 'பூண்' என்று படித்துவிட்டுப் பட்டறையில் உட்காருபவர் கருங்காலியைக் குடையத் தொடங்கிவிடுவார். அந்த மெல்லிய சுவர் குழல்பள்ளம் வெட்டும்போதே விண்டு போகும்.

வேலையை வரிசையாகப் பார்த்தால் சொல் எங்கே இருக்கிறது என்று தெரியும்.

வால்நட் முன்கட்டையை நுனியில் செங்குத்தாக அறுக்க வேண்டும். (கலிபோர்னியாவில் தொடங்கிய வெதர்பி நிறுவனத்தின் ரைபிள்களில் இந்த வெட்டு சாய்வாக இருக்கும். அது அவர்களுடைய முத்திரை.) ஒட்டும் துண்டு முடிவில் 40 முதல் 50 மி.மீ. நீளம் நிற்கும். தொடக்கத்தில் எல்லாப் பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ள வேண்டும். இரு முகங்களையும் சேர்த்து வைத்து விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் கீற்று வெளிச்சம்கூடத் தெரியக் கூடாது.

இரண்டையும் பிணைக்க 8 மி.மீ. மரமுளைகள் இரண்டு. ஒரே முளை போட்டால் பசை காய்வதற்குள் துண்டு திரும்பிவிடும். முளைகள் இருக்கும் உயரம்தான் பலரும் தவறும் இடம். குழல்பள்ளம் பின்னால் வெட்டப்படும் என்பதை மறந்து நடுவில் துளையிட்டால், பள்ளம் வெட்டும்போது முளை பல்லைக் காட்டும். பள்ளத்தின் அடிக்கோட்டை முதலில் வரைந்துவிட்டு, அதற்கு 10 மி.மீ. கீழே இரு முளைகளின் மையத்தையும் வைக்க வேண்டும். துளை ஒவ்வொரு பக்கமும் 25 மி.மீ. ஆழம் இருக்கலாம். முளையை இரு துளைகளின் மொத்த ஆழத்துக்கு 2 மி.மீ. குறைவாக வெட்டி, நீளவாக்கில் ஒரு காடி கீறிவிட வேண்டும். காடி இல்லாவிட்டால் உள்ளே சிக்கும் காற்றும் பசையும் துண்டை வெளியே தள்ளும்.

கருங்காலி எண்ணெய்ப் பசை உள்ள மரம். ஒட்டும் முகத்தை 80-ஆம் எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அது உலர்ந்தவுடனே எபாக்சி பசை பூச வேண்டும். பிடிப்பானை மிகையாக முறுக்கினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி மூட்டுவாய் வறண்டுவிடும். ஒரு முழு நாள் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

குழல்பள்ளம் இதற்குப் பிறகுதான். குழலில் விளக்குக்கரி பூசிக் கட்டையில் அமர்த்தி, கறை பட்ட மேட்டைச் சுரண்டுவது வழக்கம். கருங்காலியில் அந்தக் கறை கண்ணுக்கே தெரியாது. அங்கே சிவப்பு உதட்டுச்சாயம் பூசினால் ஒவ்வொரு மேடும் பளிச்சென்று தெரியும்.

உருவம் கொடுக்கும்போது எட்டுப் பட்டையாகச் செதுக்கி, பட்டைகளின் விளிம்பைத் தட்டி உருட்ட வேண்டும். அரத்தை முன்விளிம்புக்கு வெளியே இழுத்தால் விளிம்பு தெறிக்கும். அதனால் முதலில் அங்கே சிறு சாய்வு போட்டுக்கொள்வார்கள். உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, மூட்டுவாயைக் கடந்து இரு மரத்தையும் ஒன்றாகவே தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் மென்மையான வால்நட் தாழும், கருங்காலி மேடாக நிற்கும். தடவும்போது தெரியாத அந்தப் படி, எண்ணெய்ப் பூச்சு ஏறிய பிறகு ஒளி வளைவதில் காட்டிக்கொடுத்துவிடும்.

அறுத்த இடத்தில் வேறொரு மரம் வந்து ஒட்டி, மேற்பரப்பு ஒன்றாகிறது. நம் மொழியில் இதற்குப் பெயர் ஒட்டு. ஒட்டுமாவில் இருக்கிற அதே ஒட்டு. ஆகவே 'நுனியொட்டு'.

———

'நுனியொட்டு' பிடித்திருக்கிறது. முதலில் 'முனையொட்டு' என்று எழுத நினைத்தேன். காதில் 'முன்னொட்டு' போல விழுகிறது, இலக்கணச் சொல்லோடு மோதும். 'நுனிக்கட்டை' என்றால் மரக்கடையில் மரத்தின் மேல்துண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இரண்டு ஐயம். ஜெர்மானிய வேட்டை ரைபிள்களின் முன்கட்டை நுனியில் 'ஷ்னாபல்' என்ற வளைந்த புடைப்பு இருக்கும். ஆங்கிலத்தில் அதையும் 'டிப்' என்றே சொல்கிறார்கள். அதுவும் நுனியொட்டுதானா? மன்லிஷர் ரைபிளில் கட்டை குழல்வாய் வரை நீண்டு, இரும்பு மூடியோடு முடியுமே, அதற்கு என்ன பெயர்?

———

நீங்கள் கேட்ட இரண்டும்தான் தமிழில் மூன்று சொல் வேண்டும் என்பதற்குக் காரணம்.

ஷ்னாபல் என்றால் ஜெர்மன் மொழியில் பறவையின் அலகு. அது ஒட்டுவேலை இல்லை. அதே வால்நட்டில், நுனிக்குச் சற்றுப் பின்னே கழுத்துப்போல ஒடுக்கி, நுனியை மட்டும் புடைக்க விட்டுச் செதுக்குவது. கழுத்தை வெட்டும்போது ஒரு தடவை ஆழம் மீறிவிட்டால் திரும்ப மரம் வராது. நுனியொட்டில் புதுத் துண்டு வைத்துக்கொள்ளலாம். ஒட்டு இல்லாத ஒன்றை ஒட்டு என்று சொல்லக் கூடாது. 'அலகு' என்றே வைப்போம். அளவைச் சொல்லும் அலகோடு குழப்பம் வரும் இடத்தில் 'அலகுநுனி' எனலாம்.

மன்லிஷரின் இரும்பு மூடிக்குத்தான் முதலில் பரிந்துரைத்த பூண். அது மரத்தின்மேல் உட்காருகிறது, கழற்றலாம். மேற்கு வங்கத்தின் இசாப்பூரில் செய்யப்பட்ட லீ-என்ஃபீல்டு ரைபிளின் முன்மூடிக்கும் அதே சொல் பொருந்தும்.

———

ஏற்கிறேன். 'முன்பூண்' பட்டியலில் உலோக மூடிக்கு மட்டும் நிற்கட்டும். மூன்றையும் இப்படிப் பதிகிறேன்:

நுனியொட்டு: முன்கட்டையின் நுனியை அறுத்து, அங்கே முளையும் பசையும் கொண்டு பிணைத்து, கட்டையோடு ஒருசேர இழைத்த வேறு மரம் அல்லது கொம்புத் துண்டு.

அலகுநுனி: கட்டையின் அதே மரத்தில் கழுத்து ஒடுக்கிப் புடைக்கச் செதுக்கிய நுனி.

முன்பூண்: நுனியின்மேல் பொருத்திக் கழற்றத்தக்க உலோக மூடி.

———

மேலே எழுதியவற்றில் ஒரு திருத்தம் மட்டும். 'கருங்காலி' என்று வரும் இடமெல்லாம் 'கருங்காலி (எபனி)' என்று எழுதுங்கள். நம் நாட்டு மருந்துக்கடையில் கருங்காலி என்ற பெயரில் வேல மர இனத்துக் கட்டையும் கிடைக்கிறது, அது செம்பழுப்பு. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வளரும் எபனியின் வைரம்தான் கறுப்பு.

தூள் பற்றியும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கருங்காலித் தூள் வால்நட்டின் கண்துளைகளில் இறங்கினால் துடைத்தாலும் போகாது, மூட்டுவாய்க்குப் பின்னே அழுக்குப் புகைபோல நிற்கும். வால்நட்டுக்கு முதலில் ஒரு மெல்லிய பூச்சுக் கொடுத்து, மூட்டுவாய் ஓரத்தில் நாடா ஒட்டிவிட்டு, கடைசி 320-ஆம் எண் தேய்ப்பைக் கருங்காலியில் தனியாக, நுனியை நோக்கியே செய்ய வேண்டும்.