சீனக் கல்லறைச் செங்கல்: எந்தப் பகுதியுடையது என்று எதை வைத்துச் சொல்வது?

வரைகோடு எழுதியது:

வணக்கம். கொஞ்ச நாளாகப் பழைய சீனக் கல்லறைகளில் கிடைத்த செங்கல்களின் படங்களைத் தேடித்தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் குதிரை புடைப்பாக நிற்கிறது, இன்னொன்றில் வெள்ளை பூசி அதன்மேல் தூரிகையால் வரைந்திருக்கிறார்கள், வேறொன்றில் சுவர் நீளத்துக்கு மரத்தடியில் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்தப் படம் நூற்றுக்கணக்கான செங்கல் சேர்ந்து உருவானது. படத்துக்குக் கீழே "ஹான் காலம்", "வெய்-ஜின் காலம்" என்று மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கென்னவோ காலத்தைவிட இடம்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஹெனான், சிச்சுவான், கன்சு மாகாணங்கள், நான்ஜிங் நகரம் என்று பகுதிக்கொரு பாணி உண்மையிலேயே இருந்ததா? இருந்தால், ஒரு செங்கல்லைப் பார்த்ததும் முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

சூளைப்புகை எழுதியது:

படத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் குழம்பிப்போவீர்கள். தேர், குதிரை, வாயில் கோபுரம், மேற்கின் அரசி அன்னை என்ற சீனத் தெய்வம் எல்லாம் பல பகுதிகளிலும் வரும். நான் முதலில் பார்ப்பது செங்கல்லுக்கும் படத்துக்கும் உள்ள கணக்கு. ஒரே செங்கல்லில் பல சிறு உருவங்களா, ஒரு செங்கல்லுக்கு ஒரு காட்சியா, பல செங்கல் சேர்ந்து ஒரே படமா? இதைக் கேட்டாலே பாதி ஊர் பிடிபட்டுவிடும்.

ஹெனானில் இருக்கும் லுவோயாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு ஹான் காலத்தில் (கி.மு. 206 முதல் கி.பி. 9 வரை) அங்கே கல்லறை கட்டியது உள்ளே கூடாக இருக்கும் பெரிய செங்கல்களால். ஒரு மீட்டருக்கும் மேல் நீளம் போகும், மரப்பலகைக்குப் பதில் நிறுத்துவதற்காகச் செய்தவை, உள்ளே கூடாக விட்டால்தான் அவ்வளவு பெரிய மண் சீராகக் காய்ந்து வெடிக்காமல் வேகும். அந்த ஈர மண்ணில் குதிரைக்கு ஒரு முத்திரை, புலிக்கு ஒன்று, கொக்குக்கு ஒன்று, வில்லாளுக்கு ஒன்று என்று தனித்தனி முத்திரைகளைக் குத்தினார்கள். அதனால் ஒரே குதிரை ஒரே செங்கல்லில் மூன்று நான்கு முறை வரும், சுற்றிலும் வெற்றிடம் தாராளமாக இருக்கும். அந்தக் குதிரைகளின் கழுத்து வளைவை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டால் மறக்கவே முடியாது, அவ்வளவு குறைந்த கோட்டில் அவ்வளவு திமிர். அதே ஹெனானில், அதிகத் தூரமில்லாத ஜெங்ஜோவுக்குப் போனால் இந்த வெற்றிடம் காணாமல் போய்விடும். அங்கே முத்திரைகள் சின்னவை, குதிரை மேலிருந்து திரும்பி அம்பு விடுபவன், நடனக்காரி, இரட்டைக் கோபுரம் என்று நெருக்கமாக வரிசை வரிசையாக அடித்து முழுப் பரப்பையும் நிரப்பிவிடுவார்கள்.

சிச்சுவான் முற்றிலும் வேறு. கிழக்கு ஹான் காலம் (கி.பி. 25 முதல் 220 வரை), செங்டு சமவெளி. சுமார் 40-க்கு 48 சென்டிமீட்டர் செங்கல், ஒரே மர அச்சு, ஒரே காட்சி. கல்லறைச் சுவரில் வரிசையாகப் பதித்திருப்பார்கள், மேலே வண்ணமும் பூசியிருந்தார்கள், சிலவற்றில் அதன் தடம் இன்னும் தெரியும். உப்புக்கிணறு செங்கல்லைத் தேடிப் பாருங்கள். மலைகளுக்கு நடுவே கிணற்றின்மேல் இரண்டடுக்குச் சாரம், அதில் நின்று நான்கு பேர் உப்புநீரை இறைக்கிறார்கள், அது குழாய் வழியே கீழே ஓடி அடுப்பின்மேல் வரிசையாக இருக்கும் பாத்திரங்களுக்குப் போகிறது, மலைச்சரிவில் ஆட்கள் சுமை தூக்கிப்போகிறார்கள், இன்னொரு பக்கம் வேட்டை நடக்கிறது. ஒரு தொழில் முழுவதும் ஒரு செங்கல்லில்! 1972-இல் தாயி மாவட்டத்தில் கிடைத்த இன்னொன்றில் மேல்பாதியில் தாமரைக்குளக் கரையில் இருவர் கயிறு கட்டிய அம்பால் பறவைகளைக் குறிவைக்கிறார்கள், கீழ்ப்பாதியில் அறுவடை. சந்தை, மது காய்ச்சுவது, பாலத்தைக் கடக்கும் தேர் என்று உழைப்பும் ஊரும் இவ்வளவு நெருக்கமாகத் தெரியும் ஹான் கலை வேறெங்கும் இல்லை என்பது என் முடிவு. அச்சு இருப்பதால் பட்டறையில் செய்துவைத்து விற்க முடிந்தது, ஒரே படம் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லறைகளில் கிடைப்பதும் அதனால்தான்.

நீங்கள் சொன்ன மரத்தடி ஆட்கள் நான்ஜிங். அதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும், என் மனம் முழுக்க செங்டுவில்தான் இருக்கிறது.

பாலைவழி எழுதியது:

சூளைப்புகை சொன்ன அளவுகோல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். லுவோயாங்கையும் செங்டுவையும் ஒப்பிடும்போது இடத்தோடு சேர்த்து இருநூறு வருட இடைவெளியையும் ஒப்பிடுகிறோம். இடத்தின் பங்கு மட்டும் தெரிய வேண்டுமென்றால் ஒரே காலத்துச் செங்கல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். ஹெனானின் தெற்கு மூலையில் ஷின்யேயில் கிடைத்த ஹான் செங்கல்களைச் செங்டு செங்கல்லோடு வையுங்கள். ஷின்யேயில் புடைப்பு கனமாக இருக்கும், ஓட்டமும் அதிகம். ஓடும் இரண்டு தேர்களின் கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டி அதில் கழைக்கூத்து ஆடுகிறார்கள், குதிரைகள் நாலுகால் பாய்ச்சலில். செங்டுவில் எல்லாம் நிதானமாக, இடம் விட்டு, நிலக்காட்சியோடு இருக்கும். இந்த வேறுபாட்டைத்தான் தயங்காமல் பகுதிப் பாணி என்று சொல்லலாம்.

அடுத்தது கன்சு, வெள்ளை பூசி வரைந்த உங்கள் செங்கல். அநேகமாக அது ஜியாயுகுவான் பக்கத்துச் செங்கல். 1972-இல் தொடங்கி அங்கே கோபி பாலைவெளியில் எட்டுக் கல்லறைகளை அகழ்ந்தார்கள், அவற்றில் ஆறில் ஓவியம், மொத்தம் 600-க்கும் மேற்பட்ட ஓவியச் செங்கல்கள். மூன்றாம், நான்காம் நூற்றாண்டு, அதாவது வெய்-ஜின் காலம். அச்சே கிடையாது. சுவரில் நிறுத்திவைத்த செங்கல்லின் முகத்தில் வெள்ளை பூசி, சுற்றிச் சிவப்புக் கோட்டால் சட்டம் போட்டு, கறுப்பில் விறுவிறுவென்று வரைந்து, சிவப்பில் நிரப்பியிருக்கிறார்கள். ஏர் உழுவது, பரம்படிப்பது, மல்பெரி இலை பறிப்பது, பன்றி அறுப்பது, கோழிக்கு இறகு பிடுங்குவது, கூடாரத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மேய்ச்சல்காரர்கள். எல்லை மண்ணில் பல இனத்தவர் கலந்து வாழ்ந்த வாழ்க்கை அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு செங்கல்லும் ஒரு தடவை மட்டும் வரைந்தது, அச்சில் குத்தியதுபோல் இன்னொன்று கிடைக்காது. ஐந்தாம் எண் கல்லறையில் குதிரை மேல் தபால் கொண்டுபோகிறவனின் படம் உண்டு, முகத்தில் வாய் வரையவில்லை, 1982-இல் சீன அஞ்சல்தலையிலும் வந்தது. ரகசியம் காப்பவன் என்பதால் வாய் இல்லை என்று விளக்கம் சொல்வார்கள். அவ்வளவு வேகமாக வரைந்த கை ஒரு கோட்டை விட்டிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தக் கல்லறையையே பெயர்த்துக்கொண்டுபோய் லான்ஜோவில் கன்சு மாகாண அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

இன்னும் மேற்கே டன்ஹுவாங்கில் அதே ஓவியச் செங்கல் வேறு வேலை செய்கிறது. கல்லறை வாசலுக்கு மேல் உயரமாக ஒரு முகப்புச் சுவர் எழுப்பி அதில் விசித்திர விலங்குகளை அடுக்கடுக்காக வைத்தார்கள்.

தென்கரை எழுதியது:

நான்ஜிங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். 1960-இல் ஷிஷான்சியாவோவில் திறந்த கல்லறை அது. மூங்கில் தோப்பின் ஏழு அறிஞர்கள் என்று பேர்பெற்ற மூன்றாம் நூற்றாண்டு நண்பர் கூட்டம், அவர்களோடு கன்ஃபூசியஸ் காலத்து ரோங் சிச்சி, சுவருக்கு நான்கு பேராக எட்டுப் பேர். ஒவ்வொரு சுவர்ப்படமும் சுமார் 2.4 மீட்டர் நீளம். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு மரம். அந்த ஏழு பேரில் ஜி காங் யாழ் மீட்டுகிறார், லியூ லிங் கிண்ணத்தோடு. இந்தப் படத்தைச் செங்கல் அளவுக்குப் பிரித்து அச்சு செதுக்கி, சுட்டு, திரும்பச் சுவரில் சேர்க்க வேண்டும், ஒன்று மாறினாலும் மூக்கு ஒரு பக்கம் போய்விடும். அதனால் செங்கல்லின் மறையும் பக்கத்தில் எந்த உருவம், எந்த வரிசை, எத்தனையாவது என்று எழுதிவைத்தார்கள். கோடுகள் மெல்லிய கம்பிபோல் புடைத்து நிற்கும், ஓவியனின் தூரிகைக் கோட்டைக் களிமண்ணில் கொண்டுவந்துவிட்டார்கள். அப்போது தெற்கின் தலைநகரமாக இருந்த நான்ஜிங்கின் பெரிய குடும்பங்களுக்கும் அரச குலத்துக்கும்தான் இந்தச் செலவு கட்டுப்படியாகியிருக்கும்.

இன்னும் தெற்கே போனால் படமே சுருங்கிவிடும். யாங்சி ஆற்றுக்குத் தெற்கே பல ஊர்களில் செங்கல்லின் ஓரத்தில் மட்டும் சாய்சதுரம், காசு வடிவம், கட்டிய ஆண்டு. தென்கோடியில் குவாங்ஜோவில் ஒரு செங்கல் எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடிக்கும். யோங்ஜியா காலத்தில் (307-313) வடக்கே நாடு எரிந்துகொண்டிருந்தபோது செய்தது, அதில் இருப்பது எழுத்து மட்டும்: யோங்ஜியா காலம், உலகெங்கும் பாழ், மிஞ்சியது குவாங்ஜோ, எல்லாரும் நலம்.

வரைகோடு எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்னொரு சந்தேகம். டெங்ஷியான் என்று ஒரு இடத்துச் செங்கல்லில் புடைப்பும் இருக்கிறது, வண்ணமும் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் வைப்பது? அப்புறம், நான்ஜிங் அச்சு வேறு எங்காவது போயிருக்கிறதா?

தென்கரை எழுதியது:

டெங்ஷியான் ஹெனானின் தென்மேற்கில், சீனா இரண்டாகப் பிரிந்திருந்தபோது வடக்கு அரசும் தெற்கு அரசும் மாறி மாறிப் பிடித்த எல்லைப் பகுதி. 1958-இல் அகழ்ந்தது. 38-க்கு 19 சென்டிமீட்டர் செங்கல், ஒன்றுக்கு ஒரு காட்சி, அச்சுப் புடைப்பின்மேல் பல வண்ணம். வறுமையில் தாய்க்குச் சோறு குறையக்கூடாதென்று மகனைப் புதைக்கக் குழி தோண்டும்போது பொற்குடம் கண்ட, கதைகளில் வரும் குவோ ஜு, கவசம் போட்ட குதிரை, வாத்தியக்காரர்கள். செங்கல் கணக்கு செங்டுவை ஒத்தது, ஆனால் ஆட்களின் மெலிந்த உடலும் காற்றில் பறக்கும் ஆடையும் நான்ஜிங் பக்கத்தவை. நான் தெற்கோடு வைப்பேன்.

நான்ஜிங் படம் அதற்குக் கிழக்கே டான்யாங்கில் தெற்கு ச்சி அரச குலத்தின் (479-502) கல்லறைகளில் திரும்ப வருகிறது. அங்கே உருவத்துக்கும் பக்கத்தில் எழுதிய பெயருக்கும் பொருத்தம் கெட்டுப்போயிருக்கிறது, ஒருவர் பெயர் இன்னொருவர் அருகில். கோடும் கொஞ்சம் இறுகிவிட்டது. இரண்டு ஊர்ப் படங்களையும் அருகருகே வைத்து மரங்களிலிருந்து ஆரம்பியுங்கள், வேறுபாடு முதலில் அங்கேதான் கண்ணில் படும்.