கலைச்சொல் தேவை: 'வர்ச்சுவல் ரெப்ரசன்டேஷன்' (1765)

மடல் 1

அன்புடையீர்,
அமெரிக்க விடுதலைக்கு முந்தைய காலம் பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமை அச்சுக்கு அனுப்ப வேண்டும். மாக்னா கார்ட்டா (1215), உரிமைச் சட்டம் (1689), வர்ஜீனியாவின் முதல் பேரவை (1619) எல்லாம் முடிந்தன. அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1765இல் வரி போட்ட முத்திரைத்தாள் சட்டத்தில் நிற்கிறேன். 'மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் தனி உறுப்பினர் இல்லை. ஆனாலும் நாடாளுமன்றம் அவர்களுக்காகவும் பேசுகிறது. அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் அப்படியே' என்பது பிரிட்டிஷ் அரசுத் தரப்பு வாதம். அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் தலைப்பில் உள்ளது. முன்வரைவில் 'மெய்நிகர் பிரதிநிதித்துவம்' என்றிருக்கிறது. விடலாமா?

மடல் 2

விடக்கூடாது. மெய்நிகர் என்றால் மாணவர் மனத்தில் கணினித்திரைதான் வரும். 18ஆம் நூற்றாண்டில் 'வர்ச்சுவல்' என்ற சொல்லுக்கு 'பெயரளவில் இல்லாவிட்டாலும் பயனளவில் உள்ள' என்று பொருள். 'பாவனைப் பிரதிநிதித்துவம்' என்றும் எழுதிவிடாதீர்கள். அது அமெரிக்கர் பக்கம் நின்று தீர்ப்புச் சொல்லும் சொல். இரு தரப்பும் ஒரே சொல்லை வைத்துத்தான் சண்டையிட்டார்கள். 'உங்களுக்கு அது உண்டு' என்ற அரசுத் தரப்பு, 'எங்களுக்கு அது கிடையாது' என்ற அமெரிக்கத் தரப்பு என இரண்டு வாக்கியத்திலும் உட்காரும் சொல் வேண்டும்.

மடல் 3

பிரதிநிதி வடசொல். 'பேராண்மை' எனலாம், பேராளர் வழக்கில் இருக்கிறது. 'வர்ச்சுவல்' என்ற முன்னொட்டுக்கு நம் இலக்கணத்திலேயே விடை இருக்கிறது: ஆகுபெயர், ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள வேறொன்றுக்கு ஆகிவருவது. 'தலைக்கு நூறு ரூபாய்' என்றால் தலை ஆளைக் குறிக்கிறது, சினையாகுபெயர். ஓர் ஊரின் உறுப்பினர் நாடு முழுவதற்கும் ஆகிவருவதும் அதுவே. 1774இல் பிரிஸ்டல் வாக்காளரிடம் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க், நாடாளுமன்றம் மாறுபட்ட, பகையான நலன்களின் தூதர்கள் கூடும் கூட்டம் அன்று, ஒரே நாட்டின் அவை என்று பேசியதும் இக்கருத்தே. ஆகவே 'ஆகுபேராண்மை'.

மடல் 4

ஐயா, பேராண்மை குறள் 773இல் பெருவீரம். மாணவர் அங்கேதான் போவார். 'சார்பாண்மை' என்பார்கள், சார்பு என்றாலே ஒருதலைப்பட்சம் என்று படிக்கும் காலம் இது.

ஆனால் உங்கள் ஆகுபெயர் ஒப்புமை நீங்கள் நினைத்ததைவிட ஆழமானது. நன்னூல் 'அதற்கு இயை பிறிதை' என்கிறது. இயைபு, அதாவது தொடர்பு, இல்லாவிட்டால் ஆகுபெயர் இல்லை. மேரிலாந்து வழக்கறிஞர் டேனியல் டூலானி 1765இல் இதே இடத்தில்தான் அடித்தார்: இங்கிலாந்தில் வாக்குள்ளவர் மேல் விழும் வரி வாக்கில்லாதவர் மேலும் விழும், நலன் ஒன்று. அமெரிக்கா மேல் வரி போட்டால் ஆங்கிலேயரின் சுமை குறையும், நலன் எதிரெதிர். அந்த அக்டோபரில் 9 குடியேற்றங்கள் நியூயார்க்கில் கூடி, தூரத்தாலும் சூழலாலும் தங்களுக்குப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் இருக்கவே முடியாது என்று அறிவித்தன.

பாடத்தில் இந்த இயைபை விளக்கினால் போதும். சொல்லில் 'ஆகு' வைத்தால் 'இனி ஆகப்போகிற' என்று படிப்பார்கள்.

மடல் 5

'நடைமுறைப் பிரதிநிதித்துவம்'?

மடல் 6

அது 'ஆக்சுவல் ரெப்ரசன்டேஷன்' என்ற எதிர்ச்சொல்லுக்குப் போய்விடும். மாசசூசெட்சு ஊர்க்கூட்டங்கள் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து, இன்னபடி வாக்களி என்று எழுதியும் கொடுத்தன. நடைமுறையில் இருந்தது அதுதான். அதை 'மெய்ப் பிரதிநிதித்துவம்' என்று வைத்து, இதைக் 'கருதுநிலைப் பிரதிநிதித்துவம்' எனலாம். சட்டத் தமிழில் 'இருப்பதாகக் கருதப்படும்' என்பது பழகிய தொடர். 'பிரதிநிதித்துவம் இன்றி வரி இல்லை' என்ற முழக்கமும் சிதையாது.

மடல் 7

'கருதுநிலை' ஆராய்ச்சிக் கருதுகோளோடு குழம்பாதா? 'பயனளவு' என்று மடல் 2 சொன்னதே எனக்கு நேரானதாகப் படுகிறது.

மடல் 1 எழுதியவர்

மடல் 6 சொன்ன 'கருதுநிலை'யையே அனுப்புகிறேன். முதலில் வருமிடத்தில் ஒரு வரி விளக்கமும், டூலானி வாதம் ஒரு பத்தியாகவும் சேர்த்துவிட்டேன்.

மடல் 3 எழுதியவர்

பேராண்மையை விட்டுக்கொடுக்கிறேன். 'ஆகுநிலை'யை விடமாட்டேன், அடுத்த பதிப்புக்குள் மீண்டும் எழுதுவேன். 'கருதுநிலை' கருதுபவரை மட்டும் காட்டுகிறது. எது எதற்காக நிற்கிறது என்பது அதில் இல்லை.